நான்காவது தொண்டை

அந்த நிலவறையில் இருந்தவர்கள்:

மாமா. என் அக்கா வீட்டுக்காரர், மெத்தைக் கடை முதலாளி. கிட்டாரும் பதிவும் அவர் பொறுப்பு.

கொட்டு. டிரம்ஸ் வாசிப்பவன். மற்ற நேரத்தில் மாமா கடையில் மெத்தை தூக்குவான்.

நான். குரல்.

வேறு யாரும் இல்லை. எங்கள் பதிவைக் கேட்டவர்கள் இது நாலு பேர் கொண்ட குழு என்று நினைக்கிறார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடையின் பின்பக்கப் படியில் இறங்கினால் அந்த அறை. ஒரு காலத்தில் யாரோ பணம் பூட்டி வைத்த இடம். சன்னல் கிடையாது. பகலா இரவா என்று உள்ளே தெரியாது. சத்தம் வெளியே போகாமலிருக்க, வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த மெத்தைகளைச் சுவர் முழுக்க நிறுத்திக் கட்டியிருந்தோம். யார் யாரோ படுத்துப் புரண்ட வியர்வை வாடை அதில் இருந்து போகவே இல்லை. கதவு கனத்த இரும்பு. விட்டால் தன் எடையிலேயே வந்து சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். துருப்பிடித்தது, இரண்டு கையாலும் இழுத்தால்தான் கிறீச்சிட்டுக்கொண்டு நகரும்.

நான் முன்பு மீன் உறைய வைக்கும் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். ஒரு நாள் உள்ளே இருக்கும்போது கதவு பூட்டிக்கொண்டது. கூட வேலை செய்தவன் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தான். விடிந்த பிறகுதான் திறந்தார்கள். அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் சம்பளம் போதவில்லை என்றேன். உண்மையை மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு செங்கல்லை எடுத்து வந்து, நிலவறைக் கதவின் இடுக்கில் வைத்தார்.

"நீ உள்ள இருக்கிற வரைக்கும் இது நகராது மாப்ள" என்றார்.

நம்பினேன்.

பிரேசில் நாட்டு த்ராஷ், கிரைண்ட்கோர் என்கிற காட்டுக்கத்தல் மெட்டல் இசை என்றால் எங்கள் மூவருக்கும் பைத்தியம். எல்லோரும் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிற பெரிய குழுக்கள் இல்லை. "அதெல்லாம் கடை போர்டு. சரக்கு குடோன்லதான் இருக்கும்" என்பார் மாமா. கறிக்கடையின் பின்னறையில் பதிவு செய்தவர்கள், டிரம்ஸ் வாங்க வழியில்லாமல் பிளாஸ்டிக் வாளியை அடித்தவர்கள், தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிடும் பாட்டுகள் என்று தோண்டித் தோண்டி எடுத்தோம். தேடும் வழி ஒன்றுதான். கேசட் அட்டையின் உள்பக்கத்தில், கூடப் பழகிய குழுக்களுக்குப் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு அடுத்த குழுவுக்குப் போவோம்.

அப்படிப் போகும்போது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பழைய கேசட்டுகளில் எல்லோரும் அந்தக் குழுவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பிறகு திடீரென்று ஒருவரும் சொல்லவில்லை. மாமா பிரேசிலில் இருக்கும் ஒரு கேசட் சேகரிப்பாளருக்கு எழுதினார். பல மாதம் கழித்துக் கேசட் வந்தது. அட்டையில் முள்வேலி மாதிரி எழுத்து. எது பெயர், எது படம் என்று சொல்ல முடியாது.

மதியம், கடையைச் சாத்திய நேரத்தில் போட்டுக் கேட்டோம். முதலில் வழக்கமான இரைச்சல்தான். கொட்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கடைசிப் பாட்டில் கிட்டார் நின்றுவிட்டது. ஒரு குரலும் அடியும் மட்டும். அது முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

"டிரம்மர் நல்லா தண்ணியடிச்சிருக்கான்" என்றான் கொட்டு. "தாளமே இல்ல. ஆனா உயிரைக் குடுத்து அடிக்கிறான்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு தொண்டையை இத்தனை வருடத்தில் கேட்டதில்லை என்றார். பாஷை எங்களுக்குத் தெரியாது. இந்த வகைப் பாட்டில் பாஷை தெரிந்தாலும் வார்த்தை விளங்காது. அதுதான் அழகு என்பது அவர் கட்சி.

அந்த அடியை நான் அறிவேன். முதலில் உள்ளங்கையால். அது வலித்ததும் முஷ்டியால். முஷ்டி கிழிந்ததும் திரும்பி நின்று குதிகாலால்.

"மாமா, இது டிரம் இல்ல. கதவு."

கொட்டு தொடையிலிருந்து கையை எடுத்தான். மாமா என்னையே பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அப்ப நீயும் இப்படித்தான் கத்தினியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்த வாரம் எங்கள் பதிவு. கிட்டாரும் டிரம்ஸும் முடிந்தன. என் குரல் மட்டும் பாக்கி. மாமா மைக்கை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தார். ஹெட்போனை அவரே என் காதில் மாட்டிவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று கொட்டுவையும் அழைத்துக்கொண்டு போனார். சுவரைப் பார்த்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

திரும்பினேன்.

செங்கல் இல்லை.

கதவு சாத்தியிருந்தது. விளக்கு அணைந்தது.

என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மாமா என்று கூப்பிட்டது நினைவிருக்கிறது. உள்ளங்கை, முஷ்டி, குதிகால். இருட்டு வாய்க்குள் பஞ்சு மாதிரி புகுந்தது. மெத்தைகளின் வாடைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. புளித்த பீர். ஈர இரும்பு.

ஓய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

அடி நிற்கவில்லை.

என் தலைக்கு மேலே, அதே கதவில், யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்பக்கத்திலிருந்து.

நான் மூச்சுவிடவில்லை. காதருகே ஒரு மூச்சு கேட்டது. கத்திக் கத்திக் கிழிந்துபோன தொண்டையின் மூச்சு. அது ஏதோ கேட்டது. எனக்குப் புரியாத பாஷை. ஆனால் என்ன கேட்கிறது என்று புரிந்தது. யார் பூட்டியது என்று கேட்டது.

"மாமா" என்றேன்.

விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. மாமா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"கிடைச்சிருச்சு மாப்ள."

கொட்டு படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தான் வேண்டாமென்றுதான் சொன்னதாக முனகினான். சொல்லிவிட்டு என்ன செய்தாய் என்று கேட்டேன். அந்தச் சேகரிப்பாளர் எல்லாவற்றையும் முன்பே எழுதியிருந்தார் என்பதை மட்டும் சொன்னான். நல்ல குரல் வரட்டும் என்று பாடகனைக் கூட்டாளிகளே பூட்டியிருக்கிறார்கள். குடித்துவிட்டு மறந்து தூங்கிவிட்டார்கள். காலையில் திறந்தபோது டேப் ஓடி முடிந்திருந்தது, அவனும் முடிந்திருந்தான். இதைப் படித்துவிட்டுத்தான் மாமா எங்களுக்குக் கேசட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "கால் மணி நேரந்தானேடா. உன் பயமும் தெளியும்னு சொன்னாரு" என்றாள். எவ்வளவு நேரம் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. நான் கதவை அடித்தபோது அவள் இங்கே, எல்லாம் தெரிந்து, துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாமா பதிவை வெளியிட்டார். எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். இரண்டாவது பாடகர் யார் என்று கேட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கொட்டுவும் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

பிறகு ஒரு மதியம் மாமா போன் செய்தார். குரல் சுருங்கியிருந்தது. மெத்தையில் படுத்துப் பார்க்க வந்த ஒரு தம்பதி, கீழிருந்து யாரோ குத்துவதாகச் சொல்லி எழுந்து ஓடிவிட்டார்களாம். தினமும் சத்தம் வருகிறதாம். தனியாக இறங்கப் பயமாக இருக்கிறதாம்.

போனேன். அக்காவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படியில் இறங்கும்போதே பீர் வாடை. கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் அதே செங்கல்.

உள்ளே தட்டும் ஒலி. மெதுவாக. உள்ளங்கையால்.

மாமா டார்ச்சை எடுத்தார். இன்னொரு கையில் மைக் இருந்தது.

நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இதையும் பதிவு பண்ணிடலாம் மாப்ள. உலகத்துல யார்கிட்டயும் இருக்காது" என்றார். பயந்தாலும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "கதவைப் பாத்துக்கோ. உன்னை நம்பித்தான் போறேன்."

உள்ளே போனார். மெத்தைச் சுவரில் காதை வைத்தார்.

தட்டுவது நின்றது.

நான் குனிந்து செங்கல்லை எடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

கதவு தன் எடையில் மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

என் இரண்டு கைகளிலும் செங்கல் இருந்தது.

துருப்பிடித்த தாழ்ப்பாள், ஓசையே இல்லாமல், கடைசிவரை நகர்ந்து விழுந்தது.