பெயருக்குக் கீழே ஒரு பெயர்

தக்கலை பஸ் நிறுத்தத்தில் மழை சாய்ந்து அடித்தது. லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நனைந்துகொண்டிருந்த எபிசன் தலைமேல், யாரோ பாதிக் குடையை நீட்டினார்கள்.

"இதையும் பிடியுங்க." ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொடுத்தாள் அந்தப் பெண். "ரப்பர் மரத்துக்கு மழைக்குக் கட்டுறது. பையைச் சுத்துங்க."

அவள் இமையில் ஒரு துளி நின்றது... எபிசன் நன்றி சொல்ல மறந்தான்.

குலசேகரம் பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். தாளுக்குள் தெரிந்த பெங்குவின் ஸ்டிக்கரை அவள் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரை உள்ளேயிருந்து இயக்குற லினக்ஸ் கெர்னல் வேலையா? நானும் ஒருக்க எழுதி அனுப்பினேன். ஸ்கிரீனை இயக்குற டிஸ்ப்ளே டிரைவர் ஒவ்வொண்ணும் தனித்தனியா செய்யுற ஒரே வேலையை, எல்லாத்துக்கும் பொதுவா ஒரு ஹெல்பர் நிரலா ஆக்கினேன். ஸ்கிரீன் முழுசா அணைஞ்ச பொறவு கொஞ்சம் பொறுத்து எரியவிடும். அவ்வளவுதான்."

"பொறவு?"

"ரிவியூ பண்ணினவரு, 'ஒரு ஸ்கிரீன்லயாவது ஓட்டிப் பாத்தீங்களா?'ன்னு உலகமே வாசிக்கிற மெயில்ல கேட்டாரு. எபிசன்னு பேரு. ஆபீஸ்ல யாரு சிரிச்சாலும் அதை நினைச்சுத்தான் சிரிக்கானோன்னு தோணும். பொறவு நான் எதுவும் அனுப்பல."

 டீ ஆறுமுன் அவன் எழுதிய வரி அது.

"நான் ஷைஜா. உங்களுக்க பேரு?"

"எனக்க ஸ்டாப் வந்துட்டு..."

வரவில்லை. ஏதோ ஒரு ஊரில் இறங்கி மழையில் நின்றான். கையில் அவள் தந்த தாள்.

வீட்டில், அம்மா சத்தியபாய் பிரசங்கம் கேட்கும் பழைய லேப்டாப்பை எடுத்தான். திரை வெட்டுகிறது என்று அம்மா பலமுறை சொல்லியும் அவன் காதில் வாங்கியதில்லை. ஷைஜாவின் நிரலைப் போட்டு ஓட்டினான். திரை அமைதியாக எரிந்தது. முன்பு அவன் அதைச் சோதித்தது தன் புதுத் திரையில் மட்டும்தான். அங்கே அவளுடைய பொறுமை, வீண் தாமதமாகத் தெரிந்திருந்தது.

"இப்பம் வெட்டாம எரியுதே மக்கா. யாரு சரியாக்கினா?"

"ஒரு பொண்ணும்மா."

"அவளுக்கு ஒரு நன்றி சொன்னியா?"

 ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எபிசன் ஜெபத்தை முடிக்காமலே எழுந்து வந்தான்.

அவளுக்கு மட்டும் தனியாக ஒரு மன்னிப்பு எழுதினான். பிறகு அழித்தான். எல்லோர் முன்னும் அடித்துவிட்டு, ஒளித்துவைத்து மருந்து போடுவது என்ன நியாயம்? எத்தனை பேர் சிரிப்பார்கள் என்ற எண்ணம் தடுத்தது. சிரிக்கட்டும் என்று எல்லோருக்குமே எழுதினான்.

'ஷைஜா செய்தது சரி. சரியாக ஓட்டிப் பார்க்காதவன் நான்தான். என் வார்த்தைக்காக வெட்கப்படுகிறேன்.'

சரிபார்த்தவர் ஒப்புக்கொண்டால், எழுதியவர் பெயருக்குக் கீழே தன் பெயரை இடுவது கெர்னல் வேலையில் வழக்கம். ஷைஜா என்ற பெயருக்குக் கீழே எபிசன் தன் பெயரை இட்டான். 

மறுநாள் மாலை அதே நிறுத்தம். தூறல். அவள் வந்தாள். மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை நீட்டினான்.

"எனக்க பேரு..."

"தெரியும். பேரு கேட்டதுக்கு மழையில குதிச்சு ஓடினப்பமே சந்தேகம். காலையில மெயிலும் பாத்தேன்."

"உங்க முகத்தைப் பாக்கவே கூசுது."

"அதுக்காவ தரையையே பாத்துட்டு நிப்பியளா?" குரலில் கோபம் இல்லை. "உங்க மெயிலை எங்க அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். நல்ல பையன்னு சொன்னாவ. எனக்குத்தான் இன்னும் சந்தேகம்."

எபிசன் மெல்ல நிமிர்ந்தான்.

"இன்னொண்ணும் உண்டு... யாருன்னே தெரியாம குடையை நீட்டினியளே. அப்பமே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. சொல்லத் தகுதியில்ல. ஆனா மறைச்சு மறைச்சு அலுத்துட்டு."

ஷைஜா மழையைப் பார்த்தாள். அவள் காதோரம் சூடேறியது.

"இதையும் உலகத்துக்கே மெயில் போட்டாச்சா?"

"இல்ல... உங்களுக்கு மட்டும்."

"நல்லது. ஆனா நான் உங்களை மாதிரி இல்ல. நல்லா ஓட்டிப் பாத்துத்தான் பேரு போடுவேன்."

குலசேகரம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. குடையை விரித்து, முக்கால் பங்கை அவன் பக்கம் சாய்த்தாள்.

"அடுத்த பஸ்ல போலாம்..."