விற்கப்படாத ஆட்டம்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் செபமாலை தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். காசுக்கு ஆட்டத்தை விற்கும் உதைபந்தாட்டக்காரர்களைப் பற்றிய தொடர் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. தேநீரோடு வந்த மருமகள் டிலோஜினி வாசலிலேயே நின்றாள். இனி என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

திரையில் கோல் காப்பவன் பாய்ந்தான். பந்தைத் தொடுமுன்னே கையை மடக்கினான்.

“பார்! இப்பிடித்தான் என்ர மோனும் மடக்கினவன். அரிப்பு ஊரில பொம்பிளை எடுத்த பலன்! பிறந்த ஊர் வெல்லவேணுமெண்டு புருஷனுக்கு ஓதி ஆட்டத்தை வித்தவளெல்லோ இவள்!”

பன்னிரண்டு வருடமாக அதே சொல்... தங்கள் ஊரான தாழ்வுபாட்டின் திருநாள் கிண்ணத்தை ஒரே கோலால் அரிப்பு கொண்டுபோன நாளிலிருந்து!

“பின்னேரம் பொம்பிளைப் பிள்ளையளின்ர பைனலும் அரிப்போடதான். றொஷேல் கோலுக்கு நிக்கக் கூடாது. கழகத் தலைவர் நான் சொல்லுறன். இவளின்ர மோளை நம்பேலாது!”

அறைக்குள் றொஷேல் விம்மினாள். டிலோஜினி முதன்முறையாக நிமிர்ந்தாள்.

“என்னை என்னவும் சொல்லுங்கோ மாமா... பிள்ளையைச் சொல்லாதையுங்கோ! அவளையும் கூட்டிக்கொண்டு இப்பவே போறன்.”

“நில்லு டிலோ!” அவள் கணவன் வலன்ரைன் உள்ளே வந்து, தழும்பேறிய மணிக்கட்டைத் தகப்பனிடம் நீட்டினான். “நான் மடக்கேல்லை அப்பா. கை விரியேல்லை. திருக்கை மீன் முள்ளு ஏத்தின கை. கையுறைக்குள்ள மறைச்சுக்கொண்டு விளையாடினனான்.”

“எப்ப ஏத்தினது?”

“திருநாளுக்கு முதல்நாள், வேஸ்பர் ஆராதனையண்டு ஒருத்தரும் கடலுக்கு இறங்கக் கூடாதெண்டு கோயில் மூப்பராய் ஊருக்குக் கட்டளை போட்டிட்டு, விருந்துக்கு மீன் வேணுமெண்டு என்னை ஒளிச்சு அனுப்பினீங்களே... அண்டைக்கு! நான் சொல்ல வெளிக்கிட்டனான். ‘மாமா ஊருக்கு முன்னால தலைகுனியக் கூடாது, என்னை ஏசட்டும்’ எண்டு இவள்தான் தடுத்தவள்!”

செபமாலை தொலைக்காட்சியை நிறுத்தினார்.

“ஏன் பிள்ளை...?” என்று மருமகளிடம் கேட்டார்.

“இந்த வீட்டுப் பேர் என்ர பேரும்தானே மாமா.”

பின்னேரம், இரண்டு ஊரும் கூடிய மைதானத்தில் அவர் ஒலிவாங்கியைத் தாமே கேட்டு வாங்கினார்.

“கடலுக்கு இறங்கக் கூடாதெண்டு கட்டளை போட்டவனும் நான், மோனை அனுப்பி மீறினவனும் நான். அண்டைக்குத் திருக்கை குத்தின கையோடதான் அவன் கோலுக்கு நிண்டவன். என்ர மருமகள் எதையும் விக்கேல்லை. பன்னிரண்டு வருசம் என்ர மானத்தைக் காத்தவள். இண்டைக்குப் பிரதம விருந்தினர் அவள்தான்!”

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. வரிசையாக நின்ற இரண்டு அணிப் பிள்ளைகளுக்கும் டிலோஜினி ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு போனாள். கோல் கையுறையோடு கடைசியில் நின்ற றொஷேல் கை நீட்டவில்லை. “அம்மா!” என்று பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

விசிலை வாயில் வைத்த நடுவர், ஊதாமல் காத்திருந்தார்.