மிச்சவுணர்வு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த நப்பின்னை, மாலைக் காப்பிக்குள் தன் இரண்டாவது பட்டப்படிப்பை முடித்துவிட்டாள்.

நிலாக் குடியிருப்பில் எல்லோரும் செய்வதுதான் இது. விண்ணப்பிக்கும் முன் முன்வாழ்வுக் கட்டிலில் படுத்தால், ஒரு பல்கலைக்கழகத்தின் நான்கு வருடங்களும் கனவின் வேகத்தில் மூளைக்குள் ஓடி முடியும். வகுப்பு, விடுதி, நட்பு, தோல்வி எல்லாம் அசலாகவே நடக்கும். எழுந்த பிறகு எதுவும் நினைவிருக்காது. கட்டணம் கட்டாமல் கற்றதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். உடம்பில் தங்கிவிடும் ஒரு மனநிலை மட்டும் மிஞ்சும். அதற்கு மிச்சவுணர்வு என்று பெயர். அதை வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விண்ணப்பமோ வாழ்நாளில் ஒருமுறைதான்.

ஆவணப்படம் எடுக்கப் படிக்க வேண்டும் என்பது நப்பின்னையின் ஆசை. முதலில் பார்த்தது நிலாவின் தென்முனைப் பல்கலைக்கழகம். பெரிய பெயர். அதிலிருந்து எழுந்தபோது அவளுக்குப் பசித்தது, வேறொன்றும் இல்லை.

இன்று பார்த்தது செவ்வாய்க் கிரகத்தில் உள்ள ஒரு சின்னக் கலைக் கல்லூரி. கன்னமெல்லாம் ஈரமாக எழுந்தாள். அங்கே இல்லாத ஒரு கேமராவை அவள் கைகள் பிடித்திருந்தன. கட்டில் நின்ற பிறகும் விரல்கள் எதையோ சரிசெய்துகொண்டிருந்தன.

"என்னடி, அங்க ராகிங்கா?" என்றாள் அம்மா லோகநாயகி.

"தெரியலம்மா."

"அழுதிருக்கியே!"

"ஆமா. ஆனா எழுந்திருக்கவே மனசு வரல."

அப்பா சந்தானம் கட்டிலின் உறையை மடித்தார். "அழறதுக்குச் செவ்வாய் வரைக்கும் போகணுமா? அத இங்கயே அழலாமே."

கட்டிலுக்கு எல்லாம் தெரியும். சொல்லும் உரிமைதான் அதற்கு இல்லை. அது தன் விளக்கை அணைத்துக்கொண்டது.

அதன் பிறகு சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் நப்பின்னையின் விரல்கள் தானாக அசைந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ அம்மாவோ ஏன் என்று கேட்கவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று லோகநாயகி வெளியிலிருந்து வேகமாக வந்தாள்.

"எதிர்வீட்டு வசுந்தரா இருக்காள்ல, அவ பையன் கார்வண்ணன் தென்முனைலதான் சேரப்போறானாம்."

"அவனுக்கு அது பிடிச்சிருக்காம்மா?"

"பிடிக்காமயா சேருவான்? அவங்க வீட்ல எதையும் விசாரிக்காம செய்ய மாட்டாங்கடி."

நப்பின்னை தன் விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு "தென்முனை" என்றாள் நப்பின்னை. அவள் சொன்ன அந்தக் குரலே விண்ணப்பமாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு விரல்கள் அசையவில்லை.

முதல் வகுப்பில் கார்வண்ணன் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

"இங்க முன்வாழ்ந்து எழுந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நான் கட்டில்ல படுக்கவே இல்லயே."

"பின்ன எப்படி இத எடுத்த?"

"எங்கம்மாதான் சொன்னாங்க. 'நப்பின்னை வீட்ல ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாக்கறாங்க, முதல்ல பாத்ததே தென்முனையாம். அவ அங்கதான் போவா, நீயும் அதையே போடு'ன்னாங்க." அவன் சிரித்தான். "நீ தேடினா சரியாத்தானே இருக்கும்?"

பேராசிரியர் உள்ளே வந்தார். நப்பின்னை தன் விரல்களைப் பார்த்தாள். அழுகை வரவில்லை.

பசித்தது.