எடுத்தால் வைக்க வேண்டும்

மெரின் இரண்டு கைகளையும் முழங்கை வரை ஈரத்துணிக் குவியலுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பனிச்சறுக்குக் கையுறைகள், காலுறைகள், குழந்தை டில்லியின் சின்னக் குல்லாய்... எல்லாம் வந்தன. ஜீப் சாவி மட்டும் வரவில்லை.

"பதினோரு மணிக்கு மேல ரோட்டை மூடிடுவாங்க," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தான் மருமகன் டெக்லன். பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, முட்டி வரை பனியோடு நின்றிருந்தான். "என் பூட்ஸுக்குள்ளகூட பார்த்துட்டேன். என் விரலுங்க மட்டும்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் கோரல் கோட்டுப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். மெரினின் நாத்தனார். அந்த மரவீடும் அவளுடையது, வெளியே நிற்கும் பழைய ஜீப்பும் அவளுடையது. ஜீப்புக்கு இருந்ததோ ஒரே ஒரு சாவி. முந்தின மாலை மலையடிவார ஊரான ஜிண்டபைனுக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வந்தவள் மெரின். கடைசியாகச் சாவியைத் தொட்டவளும் அவள்தான்.

"வந்ததும் ஆணியில மாட்டினேன், கோரல். நல்லா ஞாபகம் இருக்கு."

"இருக்கும், இருக்கும்." கோரல் தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "நம்ம குடும்பத்துல சாவி தொலையணும்னா அதுக்குன்னே ஒரு ஆள் உண்டு. கல்யாண மோதிரத்தையே பத்திரமா வச்சுக்கத் தெரியாதவ... சாவி எம்மாத்திரம்?"

மெரின் மறுபடி துணிக் குவியலுக்குள் கைவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த மோதிரப் பேச்சுக்கு அவள் பதில் சொன்னதே இல்லை. புருஷன் செத்த வாரமே விரல் வெறுமையாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள் கோரல்.

மகள் டாம்சின் பைகளைத் தரையில் வைத்தாள். கோபத்தில் கத்துகிறவள் இல்லை அவள். அப்பா மாதிரி. குரல் இறங்க இறங்க வார்த்தை ஆழமாக இறங்கும்.

"அம்மா. வியாழக்கிழமை டில்லியை உன்கிட்ட விட்டுட்டு டியூட்டிக்குப் போறேன்ல... இனிமே வேணாம். வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

மெரின் நிமிர்ந்தாள். "டாம்சின்..."

"ஒரு சாவியைப் பார்த்துக்க முடியல. குழந்தையை எப்படிப் பார்த்துப்ப? அடுத்த வருஷம் நீ இங்க வரவும் வேணாம். நாங்க மட்டும் வந்துக்கறோம்."

மெரினின் கையில் டில்லியின் ஈரக் குல்லாய் இருந்தது. அதைப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீர் மிச்சமில்லை.

அப்போதுதான் பேத்தியைப் பார்த்தாள். நான்கு வயது டில்லி, கதவோரம் பூட்ஸ் மாட்டும் பெஞ்சில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பதறும் வீட்டில் அவள் மட்டும் பதறவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, பெஞ்சில் ஏறி நின்றால் எட்டிவிடும் உயரத்தில், சாவி மாட்டும் ஆணி.

மெரினின் பார்வை ஆணியிலிருந்து குழந்தைக்கு இறங்கியது.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பின்பக்க விறகுக் கொட்டகைக்கு. கொஞ்ச நேரம்தான். திரும்பி வந்தபோது வலது கையில் சாவி. இடது கை கோட்டின் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என் கோட்டுப் பாக்கெட்லயே இருந்திருக்கு," என்றாள். "உள்பாக்கெட். மறந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

கோரல் சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு. "அன்னைக்கும் இதே மாதிரி பாக்கெட்ல பார்த்திருந்தா என் தம்பி இருந்திருப்பான்."

டாம்சின் சாவியை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜீப் மலை இறங்கியது. பின்ஸீட்டில் ஒரு ஜன்னலோரம் மெரின், மறு ஜன்னலோரம் கோரல், நடுவே டில்லி. யூகலிப்டஸ் மரங்கள் பனி சுமந்து வளைந்து நின்றன. சங்கிலியைக் கழற்றும் இடத்தில் டெக்லன் இறங்கிக் கழற்றினான்.

கோரல் சொன்ன அந்த 'அன்னைக்கு' எது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அந்தக் கதை வண்டியில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

மெரினின் கணவன் ஆங்கஸுக்கு அதே மரவீட்டில் ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தது. ராத்திரிப் பனியில் டெலிபோன் கம்பி அறுந்திருந்தது. வண்டி வாசலில் நின்றது. சாவி இல்லை. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தும் இல்லை. தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கோரல் உட்கார்ந்திருக்க, மெரின் பக்கத்துப் பண்ணை வரை பனியில் ஓடினாள். விழுந்து, எழுந்து, மறுபடி ஓடி... ஆம்புலன்ஸைக் கூட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது ஆங்கஸ் கோரலின் மடியில் அடங்கியிருந்தான். நான்கு வயது டாம்சின் மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சாவியை நான்தான் பனியில போட்டுட்டேன்," என்றாள் மெரின் அன்று மாலை. மறுநாள் படியோரப் பனியில் கிடைத்ததாகச் சொல்லி அதைக் கோரலின் கையில் கொடுத்தாள். கோரல் அவளைக் கன்னத்தில் அறைந்தாள். அன்று விழுந்த அறை இன்னும் ஓயவில்லை.

வருஷா வருஷம் ஆங்கஸ் நினைவாக எல்லாரும் அந்த மரவீட்டுக்கு வந்தார்கள். மற்றவர்கள் மலையில் சறுக்குவார்கள். மெரின் அதன்பின் சறுக்குப் பலகையில் கால் வைக்கவில்லை. சூப் வைப்பாள், கையுறை உலர்த்துவாள், பேச்சு வாங்குவாள். மகளுக்கு ஒரு மகள் பிறந்தபோது, இனி எல்லாம் மாறும் என்று நம்பினாள். 'பாட்டி' என்று கூப்பிட டாம்சின் குழந்தையைப் பழக்கவில்லை. டில்லிக்கு அவள் வெறும் 'மெரி.' அதுகூட இனி வியாழக்கிழமைகளில் கேட்காது.

பெரிடேல் ஊரைத் தாண்டி, யானைகள் படுத்திருப்பதுபோலப் பாறைகள் சிதறிக் கிடக்கும் வெளியில் டெக்லன் வண்டியை ஓரங்கட்டினான். "நம்ம டப்பா ஸ்டாப். எவ்ளோ சண்டை இருந்தாலும் இது மட்டும் நிக்காது, ஆமா."

ஆங்கஸ் தொடங்கிவைத்த வழக்கம் அது. வீடு திரும்பும் வழியில் ஜியோகேஷிங். யாரோ முன்பின் தெரியாதவர் ஒளித்து வைத்த டப்பாவை, போன் காட்டும் புள்ளியை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். வேறு வண்டி வந்தால் பாறையை ரசிப்பதுபோல நடிக்கவேண்டும். டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒரு பொருளை வைக்கவேண்டும். வைக்காமல் எடுப்பவன் திருடன் என்பான் ஆங்கஸ்.

"சூடு... சூடு... இன்னும் சூடு," என்று டெக்லன் வழிகாட்ட, டில்லி பாறை இடுக்கிலிருந்து பச்சைத் தகரப் பெட்டியை இழுத்தாள். உள்ளே ஒரு பம்பரம், ஒரு பிளாஸ்டிக் கங்காரு, யாருடைய வீட்டுக் குழாயிலிருந்தோ கழன்ற வாஷர். கங்காருவை எடுத்துக்கொண்டாள். தன் ஜாக்கெட் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய பொத்தான்.

"இது ஏது, செல்லம்?" என்றான் டெக்லன்.

"மெரி வச்சது. என் டப்பாவுல."

"எந்த டப்பா?"

"நான் ஒளிச்சு வச்ச டப்பா. நேத்து நீ கொடுத்தியே, ஐஸ்க்ரீம் டப்பா. மெரி கண்டுபிடிச்சிட்டா, அப்பா. ஜீப்புல ஏறறதுக்கு முன்னாடி போய்ப் பார்த்தேன். சாவியை எடுத்துட்டு இதை வச்சிருந்தா." டில்லி பெருமையாகச் சொன்னாள். "மெரி திருடி இல்ல."

டாம்சின் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மெரினின் இடது கை இன்னும் கோட்டை மூடிப் பிடித்திருந்தது. டாம்சின் வந்து அந்தக் கையை எடுத்தாள். நடுப்பொத்தான் இருந்த இடத்தில் இரண்டு சிவப்பு நூல்கள் தொங்கின.

"பாக்கெட்ல இருந்துச்சுன்னு சொன்ன."

"குழந்தைம்மா. ஊருக்குப் போக மனசில்லாம விளையாடியிருக்கு. எல்லாரும் இருந்த கோபத்துக்கு..."

"நான் உன்னை அவ்ளோ சொன்னேனே. டில்லி வேணாம்னுகூடச் சொன்னேனே. அப்பவும் வாயைத் திறக்கல."

"அது பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல?" டாம்சினின் குரல் சட்டென நின்றது. நெற்றி சுருங்கியது. "இரு. வீடு முழுக்கத் தேடின. திடீர்னு எழுந்து நேரா விறகுக் கொட்டகைக்குப் போன. அங்கதான் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மெரின் கோட்டின் விளிம்பை மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டில்லிக்கு இந்தப் பெரியவர்கள் பேச்சு அலுத்துவிட்டது. கங்காருவைப் பாறைமேல் குதிக்கவிட்டபடி சொன்னாள். "அது நல்ல பொந்து. கீழ கல்லு ரெண்டுக்கும் நடுவுல. எனக்கு முன்னாடியே வேற யாரோ அங்க ஒளிச்சு வச்சிருக்காங்க. உள்ளே தள்ளி இன்னொரு டப்பா இருக்கு. துரு பிடிச்சது. திறக்கவே வரல."

"பழைய ஆணி டப்பாவா இருக்கும்," என்றாள் மெரின் அவசரமாக. "வாங்க, குளிருது. குழந்தைக்கு ஆகாது."

"ஆணி டப்பா இல்ல. மூடியில முயல் இருக்கு."

பாறையில் சாய்ந்திருந்த கோரல் நிமிர்ந்தாள். கையிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது தெரியவில்லை.

"முயல் போட்ட பிஸ்கட் டின்," என்றாள் கோரல், யாரிடமும் இல்லாமல். "ஆங்கஸ்தான் வாங்கிக் கொடுத்தான். அவன் போறதுக்கு முந்தின நாள். உன் டப்பாவை நீயே ஒளிச்சு வை, நான் கண்டுபிடிக்கறேன்னு..."

"கோரல், வேணாம்."

"டாம்சினுக்கு..."

"கோரல், உங்க கால்ல வேணா விழறேன். சொல்லாதீங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் மெரின் அந்த நாத்தனாரிடம் கேட்ட முதல் உதவி அது. ஆனால் அதற்குமேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. டாம்சின் பாறையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானா?" என்றாள்.

மெரின் பனிப்புல்லில் மண்டியிட்டு மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள்.

"நீ விளையாடின. அவ்ளோதான். உங்கப்பா கத்துக்கொடுத்த விளையாட்டை விளையாடின. நாலு வயசு உனக்கு."

"அப்பா செத்துட்டாரு... என்னால..."

"வண்டி கிடைச்சிருந்தாலும் கூமா ஆஸ்பத்திரி வரை தாங்கியிருப்பாரான்னு டாக்டருக்கே தெரியல. எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை ஒரு குழந்தை தலையில ஏத்திவைக்க எனக்கு மனசு வரல. என் தலை பெருசு, தாங்கும்னு விட்டுட்டேன்."

"நான் உன்னை எவ்ளோ..." டாம்சினால் முடிக்க முடியவில்லை. அம்மாவின் கோட்டுக்குள், பொத்தான் இல்லாத இடத்தில், முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா, அம்மா என்ற அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன் மூடிக்கொண்ட ஒரு தொண்டை திறந்த சத்தம் அது. டெக்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் திரும்பி நின்றான்.

கோரல் வந்தாள். அன்று அறைந்த கை மெரினின் தோளுக்கு மேலே தயங்கி, இறங்கியது.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"ஆம்புலன்ஸ் போன பிறகு." மெரின் மகளின் தலைமயிரைத் தடவிக்கொண்டே பேசினாள். "நீங்க உள்ளே அழுதுட்டிருந்தீங்க. இவ தூங்கி எழுந்து வந்து என் விரலைப் பிடிச்சு இழுத்தா. அப்பாவைக் காணோம், நீயாவது வந்து என் டப்பாவைக் கண்டுபிடின்னா. கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனா. நான் திறந்தேன். ஒரு பொம்மைக் குதிரை... நீல கிளிப்... அதுக்கு மேல சாவி."

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டதுபோல.

கங்காருவைக் கையில் பிடித்தபடி டில்லி அருகே வந்து நின்றாள். பெரியவர்கள் ஏன் அழுகிறார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் விளையாட்டின் விதி அவளுக்குத் தெரியும்.

"அப்போ அந்த முயல் டப்பாவுல நீ என்ன வச்ச, மெரி?"

மெரின் சிரிக்கப் பார்த்தாள்.

"உங்கம்மாவும் அன்னைக்கு இதையேதான் கேட்டா, கண்ணு. சாவியை எடுத்துட்டியே, பதிலுக்கு என்ன வைக்கப்போறன்னு, கையை நீட்டிட்டு நின்னா. என்கிட்ட அப்ப வேற எதுவும் இல்ல."

வெறுமையான இடதுகை விரலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"மோதிரத்தைக் கழட்டி வச்சேன்."