இரண்டாவது டிக்

பக்கிள் ஒரு முறைதான் சத்தம் போட்டது.

ரோவினா கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து வயிற்றைப் பார்த்தாள். மரத்தில் தொங்கியபடி மான் வேட்டைக்குக் காத்திருப்பவர்கள் கட்டிக்கொள்ளும் துணிச் சேணம் அது. ஊஞ்சலை இடுப்போடு சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கும். முன்னால், வயிற்றுக்கு நேரே, ஒரே ஒரு அலுமினிய பக்கிள். அதன் நாக்கை உள்ளே தள்ளினால் இடப்பக்கப் பல்லும் வலப்பக்கப் பல்லும் அடுத்தடுத்துக் கடிக்கும். டிக்-டிக். இரண்டும் கேட்டால்தான் பூட்டியதாகக் கணக்கு. ஒரு பல் மட்டும் கடித்தாலும் ஆளைத் தாங்கத்தான் செய்யும். சாய்ந்து உட்காரலாம், காப்பி குடிக்கலாம். உடம்பைத் திருப்பும்வரை ஒன்றும் ஆகாது.

கழற்றினாள். மறுபடி போட்டாள். டிக்-டிக்.

"என்ன ரோவி, இன்னுமா கச்சை கட்டி முடியல? நீ ஏறுறதுக்குள்ள மானெல்லாம் கெழடு தட்டிப்போயிரும்." அவள் கணவன் ஹாலிஸ் வண்டிக் கதவில் சாய்ந்து, வீங்கின முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ உன் முட்டியப் பாரு. ரேடியோவத் தொறந்து வச்சிட்டுத் தூங்கு, போதும்."

"நான் எங்க தூங்கப்போறேன்?"

"போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கூடத்தான் தூங்கல, இல்ல?"

அவன் சிரித்தான். அவளை இன்று கிளப்பிக் கூட்டிவந்தவனே அவன்தான். ஒரு வருஷமாக ஏறாமல் இருந்தாயிற்று, இந்த இலையுதிர் காலத்தையும் விட்டால் பயம் உள்ளே குடித்தனம் வைத்துவிடும் என்று நச்சரித்து, அவளும் சரியென்று வந்திருந்தாள். ஏறிவிட்டு, முழுசாக இறங்கிவர வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. மான் வந்தால் வரட்டும்.

"ஹாலிஸ், இப்ப கேட்டுச்சா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

அவனுக்கு எப்படித் தெரியும்? அது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டுமான பேச்சு. ரோவினாவும் எல்டனும் இந்த மேட்டில் பக்கத்துப் பக்கத்து மரங்களில்தான் ஏறுவார்கள். தரையைவிட்டுக் கால் எடுக்கும் முன் ஒருவர் பக்கிளைப் பூட்டிவிட்டுக் 'கேட்டுச்சா?' என்பார். மற்றவர் 'கேட்டுச்சு' என்று சொன்ன பிறகுதான் முதல் படி. மேலே போய்ச் சேணத்தில் சாயும் முன்னாலும் அதே கேள்வி, அதே பதில். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உடம்பு தானாகச் சாயும். அப்படிப் பழகிப்போயிருந்தது.

போன வருஷம் எல்டன் பக்கிளின் வாய்க்குள் மெத்தென்ற கறுப்புத் துணிப் பட்டையை ஒட்டிக்கொண்டு வந்தான். "இந்த டிக்கு டிக்கு பக்கத்து ஜில்லா மானுக்கே கேக்குதுக்கா. இப்ப பாரு, பூனை நடக்குற மாதிரி!" மேலே போய் நாக்கைத் தள்ளினான். "கேட்டுச்சா?" அவள் தன் மரத்தில் தொங்கியபடி ஃபிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. "கேட்டுச்சு, கேட்டுச்சு. சாஞ்சு தொலை" என்றாள். அவன் சாய்ந்தான், உடம்பைத் திருப்பினான், விழுந்தான்.

துணி வைத்த பக்கிள் எப்படிக் கேட்கும்? அது அவளுக்கு உறைத்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். வனக்காவலர் வந்து, "பூட்டுன சத்தம் கேட்டீங்களாம்மா?" என்றபோது, "கேட்டேன்" என்றாள். காப்பிக்கடையில் ஊர் ஆண்கள் எல்லாம் பக்கிளைத்தான் ஏசினார்கள். "அலுமினியத்த நம்புனா அம்போதான்." "பொட்டிக்குள்ள பாத்தா பளபளன்னுதான் இருக்கும்." பழி பக்கிளோடு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கையுறையை மாட்டிக்கொண்டு ஏறினாள். தண்டில் கட்டிய படிகள் ஒவ்வொன்றும் அவள் எடைக்கு ஒரு முனகல் முனகியது. மேலே போய்க் கயிற்றை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லச் சாய்ந்தாள். சேணம் பிடித்துக்கொண்டது.

"மேல வந்துட்டேன்" என்றாள் வாக்கி-டாக்கி ரேடியோவில். பேசும்போது அதன் தலையில் சிவப்புப் பொட்டு ஒன்று எரியும். எரிந்து அணைந்தது.

"கெட்டிக்காரி" என்றான் ஹாலிஸ்.

அதன்பிறகு காடு மட்டும்தான். உதிர்ந்த ஓக் இலைகளின் ஈர மக்கலும், தூரத்து வீட்டு அடுப்பிலிருந்து வந்த விறகுப் புகையும், தன் கம்பளிக் கழுத்துப்பட்டையில் தங்கிய பழைய காப்பி வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, கீழே அணில் ஒன்று இலைகளைப் புரட்டிப் புரட்டி எதையோ தொலைத்தவனைப் போலத் தேடிக்கொண்டிருக்க, மேற்கே மரங்களுக்கு இடையில் வெளிச்சம் துருவேறித் துருவேறி மங்கிக்கொண்டு வந்தது. எதிரே எல்டனின் ஓக் மரம். அதில் படிகள் இல்லை, கயிறு இல்லை. ஹாலிஸ்தான் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோனான். வெறும் தண்டு. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துதான் அவள் ஏறியிருந்தாள். ஆனால் மரத்தில் தொங்குகிறவளுக்குத் திரும்பிக்கொள்ள வேறு திசை ஏது?

அணில் நின்றது.

அந்த ஓக் மரத்தின் உயரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைச் சத்தம் என்று சொல்லவும் முடியாது. துணிமேல் துணி அமுங்குவது போல. பொத்.

பிறகு, மிகத் தணிந்த குரலில், "அக்கா. கேட்டுச்சா?"

அவள் ரேடியோவைப் பறித்தெடுத்தாள். "ஹாலிஸ், நீ இப்ப பேசுனியா?"

"நானா? வாய் நெறைய சாண்ட்விச்சு. எங்கேருந்து பேசறது? ஏன், மான் வந்துச்சா?"

"இல்ல."

"கொரல் ஒரு மாதிரி இருக்கே. எறங்குறியா?"

"எறங்குறேன்."

இறங்க வேண்டுமென்றால் கயிற்றில் சுற்றி வந்து படியை எட்ட வேண்டும். சுற்ற வேண்டுமென்றால் உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பும் முன் கை பழக்கத்தில் பக்கிளுக்குப் போயிற்று. தொட்டுப் பார்த்து, தைரியம் பெற்று, கிளம்புவதற்காக.

விரலில் மெத்தென்று பட்டது.

கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, வெறும் விரலால் தடவினாள். பக்கிளின் உதட்டோரம் முழுக்க மெல்லிய துணி. ஈரமாக இருந்தது. இலைக்கு அடியில் நாள்பட்டுக் கிடந்த துணியின் ஈரம். அவளுடைய பக்கிளில் துணி கிடையாது. கீழே டிக்-டிக் என்று கேட்டதே. கேட்டதா? முதலில் ஒன்று கேட்டது. பிறகு இரண்டு. பிறகு ஏறியபோது படி முனகியது. அது படிதானா?

பூட்டியிருக்கிறதா, ஒரு பல்தான் கடித்திருக்கிறதா, விரலுக்குத் தெரியவில்லை. அந்தச் சேணத்தில் தொடையைச் சுற்றி வேறு வார் எதுவும் இல்லை. இந்தப் பக்கிள் திறந்தால் சேணம் வாயைத் திறக்கும். உள்ளே இருப்பது கீழே கொட்டும். போன வருஷம் கொட்டியது போல.

ஒரு கையால் தண்டைக் கட்டிக்கொண்டாள். மரப்பட்டை கன்னத்தில் உரசியது.

"ஒரு வருஷமா நிமிந்தே நிக்கறேன்க்கா" என்றது குரல். "முதுகு கழண்டுபோச்சு. நீ சொல்லாம நான் எப்படிச் சாயறது?"

ரேடியோவைப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு எரியவில்லை.

"சொன்னேனேடா" என்றாள். "கேட்டுச்சுன்னு சொன்னேனே."

"சாஞ்சு தொலைன்னும் சொன்னே."

எதிர் மரத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த உயரத்தில் இருட்டு மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக, ஒரு ஆள் அகலத்துக்கு, நிமிர்ந்து நின்றது.

"நெசத்தச் சொல்லுக்கா. கேட்டுச்சா?"

ஒரு வருஷமாகத் தொண்டையில் குறுக்கே கிடந்தது, கணவனுக்குச் சொல்லாதது, பாதிரியாருக்குச் சொல்லாதது, தலையணைக்குக் கூடச் சொல்லாதது.

"கேக்கலடா எல்டன். அன்னைக்கும் கேக்கல."

காடு மூச்சை நிறுத்தியது. எங்கோ ஒரு ஓக் கொட்டை விழுந்து, இலையில் தட்டி, அடங்கியது. பிறகு எதிர் மரத்தில் இல்லாத கயிறு கிறீச்சிட்டது. நீண்ட நேரம் நின்றவன் உட்காருகிற மாதிரி.

"அப்பாடா" என்றது குரல். "இப்ப உன் மொறை. போடு. நான் கேட்டுச் சொல்றேன்."

அவள் அழுதுகொண்டே பக்கிளை அழுத்தினாள். சத்தமில்லை. இன்னும் அழுத்தினாள். கட்டைவிரல் நகம் மடங்கியது. சத்தமில்லை. துணி. துணிதான். துணிமேல் துணி.

பொத்.

"எல்டன்?"

எதிர் மரத்தில் இருட்டு மெலிந்திருந்தது. அந்த ஆள் அகலம் அங்கே இல்லை.

எல்டன் மெல்லும் புதினா போட்ட புகையிலை வாசனை. மரத்தூள் வாசனை. மிக அருகில்.

"கேட்டுச்சுக்கா" என்றது, காதோரம்.

எத்தனையோ வருஷத்துப் பழக்கம். அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த உடம்பு அவளைக் கேட்காமல் தண்டைவிட்டது. கை தளர்ந்தது. முதுகு பின்னால் போயிற்று. சாய்ந்தாள்.

சேணம் பிடித்துக்கொண்டது. அவள் மூச்சு விட்டாள்.

"ரோவி!" கீழே இலைகளை மிதித்துக்கொண்டு, நொண்டி நொண்டி ஹாலிஸ் ஓடிவந்தான். "எறங்குறேன்னு சொல்லிட்டு யாரோட பேசிட்டிருக்கே? ரோவி!"

அவன் டார்ச் வெளிச்சம் தண்டில் ஏறியது. அவள் பூட்ஸில் பட்டது. முட்டியில். வயிற்றில்.

அவள் குனிந்து பார்த்தாள்.

பக்கிள் பூட்டவில்லை. ஒரு பல்கூடக் கடிக்கவில்லை. நாக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில், இரண்டு வாரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தபடி, ஒரு கை.

கையுறை போட்ட கை. மரம் அறுக்கும் மில் ரம்பத்துக்குச் சுண்டுவிரலைக் கொடுத்த எல்டனுக்காக, அந்த விரலை மட்டும் மடித்துப் பச்சை நூலால் அவளே தைத்துக் கொடுத்த கையுறை. சவப்பெட்டியில் அவன் நெஞ்சின்மேல் அவளே வைத்த கையுறை.

பச்சை நூல் வெளிச்சத்தில் ஈரமாக மின்னியது.

"அசையாதே ரோவி, நான் வரேன்!"

அவள் அசையவில்லை.

அந்தக் கையில் மோதிரவிரல்தான் முதலில் வாரைவிட்டு விரிந்தது.