ஏரியைச் சுற்றும் பொம்மை

வெயில் தாழ்ந்த நேரம். வேலையை விட்டு ஓய்ந்த அந்த லாரி டிரைவர் ஏரிக்கரைக்கு வந்து, வழக்கமான மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி செத்த பிறகு இன்றுதான் வருகிறார். ஒரு போன் வந்திராவிட்டால் இன்றும் வந்திருக்க மாட்டார். காலையில் மகள் போனில், தினமும் சாயங்காலம் நடக்கிறீர்கள்போல, சந்தோஷம் என்றாள். அவரோ இத்தனை நாளும் கட்டிலை விட்டே இறங்கவில்லை.

சர்க்கரைக்கு இருவரையும் நடக்கச் சொன்னார் டாக்டர். வெளியூரிலிருக்கும் மகள் அப்பா, அம்மா இருவர் போனிலும் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். ஆள் நடந்தால் திரையில் பொம்மை நடக்கும். நடக்க நடக்க முட்டை பொரிந்து குஞ்சு வரும். அங்கிருந்தே அவளும் பார்க்கலாம். போன் சொல்லிச் சுற்ற நானென்ன செக்குமாடா என்று அவர் முதல்நாளே தன் போனை மனைவியின் பையில் போட்டுவிட்டார். உங்கள் முட்டைக்கும் நான்தான் அடைகாக்கணுமா என்று கேலி பேசிக்கொண்டே அவள் இரண்டு பேருக்கும் நடந்தாள்.

கடைசி நாள் இதே பெஞ்சருகே நின்று நெஞ்சைத் தடவினாள். "மூச்சு முட்டுதுங்க."

"முட்டை பொரியப்போற நேரம். இன்னும் ஒரு சுத்துதான், போ."

போனவள் திரும்பவில்லை. அப்பாவோடு நடக்கும்போதே அம்மா போய்விட்டாள் என்றுதான் மகள் நம்புகிறாள்.

அவள் பையிலிருந்து எடுத்த தன் போனில் இப்போது அந்த விளையாட்டைத் திறந்தார். போன் அவர் கையில். பொம்மையோ ஏரிக்கு அக்கரையில் போய்க்கொண்டிருந்தது.

மெதுவாக. நின்று நின்று.

அக்கரைப் பாதையில் ஆளே இல்லை. தவளைச் சத்தம் ஓய்ந்தது. அவள் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை காற்றில் ஏறி வந்தது.

பொம்மை வளைந்து வந்து பெஞ்சருகே நின்றது.

பெஞ்சின் மறுமுனை அழுந்தியது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, பக்கத்துல யாரு இப்படி மூச்சு வாங்குறது?"

அவர் மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம். உன் அம்மாதான், என் பங்கையும் அவள்தான் நடந்தாள், முடியாதவளை நான்தான் விரட்டினேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பக்கத்தில் மூச்சிரைப்பு நின்றது, பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

"நான்தாம்மா," என்றார். "இப்பதானே நடந்து முடிச்சேன்."

மகள் போனை வைத்தாள்.

பெஞ்சின் மறுமுனை மெல்ல எழும்பியது. திரையில் பொம்மை அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது.