ஆயுதபூசை வெடி

வடகல்லூரில் அலமாரிப் பாத்திரம் கலகலத்தால் யாரும் பாத்திரத்தைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பார்கள். சுவரில் வீட்டுக்கு வீடு, மண் நடுக்கத்தைக் கேட்டுச் சொல்லும் நிலச்செவி பொருத்தியிருந்தது. "லாரி" என்று அது சொன்னால் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். "வெளியேறுங்கள்" என்றால் போட்டது போட்டபடி ஓடுவார்கள். நாடு முழுக்க இதே பழக்கம்தான். ஒவ்வொரு ஊர் மண்ணும் எப்படி நடுங்கும் என்பதை அந்தந்த ஊர் அதிர்வு நிலையத்தின் பழைய பதிவுகளைப் படித்தே அந்தப் பொறி கற்றிருந்தது.

வடகல்லூர் மண்ணை அதற்குக் கற்பித்தவர் காலஞ்சென்ற நிலையப் பொறுப்பாளர் ஆவுடையப்பன். லாரி, வெடி போன்ற கசடு கலக்காத பதிவு நாட்டிலேயே அவருடையதுதான் என்று நிலச்செவி முதல்தர நம்பகப் பட்டயம் வழங்கியிருந்தது. அந்தப் பட்டயத்தை மகன் குற்றாலிங்கம் கூடத்தில், அப்பாவின் படத்துக்கு மேலே மாட்டியிருந்தார். எழுபதைத் தாண்டியும் அவர் முதுகு வளையாததற்கு அந்தப் பட்டயம்தான் காரணம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தப் படத்துக்குக் கீழேதான் நிலநடுக்க ஆய்வகத்திலிருந்து வந்த நப்பின்னை, கொடுத்த மோரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, மத்தியானம் வந்த அதிர்வு எல்லாத்தையும் உங்க அப்பா குவாரி வெடின்னு கழிச்சிருக்காரு."

"மத்தியானம் வெடி வைக்கான். பின்ன பூகம்பம்னா எழுதுவாக?"

"ஆயுதபூசை அன்னைக்கும் வெடின்னு இருக்கே! ஒரு வருசம் இல்ல, பல வருசம். அன்னைக்கு குவாரியில யாருய்யா வெடி வச்சது?"

குற்றாலிங்கத்துக்குச் சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குவாரிப் பூசைக்குப் போனது நினைவுக்கு வந்தது. பாறை துளைக்கும் எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் பூசி, மாலை போட்டு நிறுத்தியிருப்பார்கள். அன்று அங்கே பட்டாசுகூட வெடிக்காது. பொரியோடு நிலையத்துக்குத் திரும்பிய அப்பா, அதிர்வு பதிந்த காகிதச் சுருளில் நண்பகல் பகுதியை ஏறிட்டும் பாராமல் குறுக்கே கோடு இழுத்தார். தினமும் செய்வதுதானே! கசடு இருந்தால் நிலையத்துக்கு இழுக்கு என்பார்.

"மலைக்கு அடியில ஒரு பிளவு இருக்குய்யா. அதோட நடுக்கத்தையே வெடின்னு நிலச்செவி படிச்சு வச்சிருக்கு. நாளைக்கு அது பெருசா அசைஞ்சாலும் வெடின்னுதான் சொல்லும். உங்க ஒப்புதல் இல்லாம நாங்க திருத்த முடியாது."

அது சட்டம். பொறிகளே பொய்ப் பதிவுகளைப் புனைந்து குவித்த குழப்பத்துக்குப் பிறகு வந்த சட்டம். பழைய பதிவில் ஒரு புள்ளியை மாற்றுவதானாலும், பதிந்தவரோ வாரிசோ தன் வாயால் ஒப்ப வேண்டும்.

"உங்க அப்பா பதிவு தப்புன்னு நிலச்செவிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்த நேரமும் அது கேக்கும்."

"எங்க வீட்டுல, எங்கப்பா படத்துக்குக் கீழ உக்காந்துகிட்டு, இத எங்கிட்டயே கேக்கியே. மோரக் குடிச்சிட்டுக் கெளம்பும்மா."

அவள் மோரைக் குடிக்காமலே கிளம்பினாள்.

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் சுவர் ஓரமாகப் போய் நின்றார். நிலச்செவிக்கு நேரே வாயைத் திறப்பார்; அப்பாவின் படம் கண்ணில் படும்; வாய் மூடிக்கொள்ளும். தெருவில் லாரி போனாலும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

ஆயுதபூசை வந்தது. குவாரிக்காரர் மாசிலாமணி வழக்கம்போல் அழைத்திருந்தார். செங்குத்துப் பாறைக்கு அடியில் தகரக் கொட்டகை; அதன் சுவரிலும் ஒரு நிலச்செவி. உள்ளே ஊரில் பாதிக் கூட்டம். எந்திரங்கள் மாலையோடு நின்றன. குற்றாலிங்கம் பொரியை வாங்கிய நேரம் காலடியில் தரை உறுமியது. தகரம் படபடத்தது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"குவாரி வெடி. அச்சம் வேண்டாம்," என்றது நிலச்செவி.

கூட்டம் பொரிக்குத் திரும்பியது.

"எவன்வே வெடி வச்சான்?" குற்றாலிங்கம் கத்தினார். "எல்லாம் மாலை போட்டுல்லா நிக்கி! பாறைக்கு அடியில நிக்காதீங்க, ஓடுங்க!"

மாசிலாமணி சிரித்தார். "பக்கத்துக் குவாரியா இருக்கும்வே. உம்ம அப்பா சொல்லிக் குடுத்த மெசினு. அது பொய் சொல்லுமா?"

"அவன் குவாரியிலயும் இன்னைக்குப் பூசதான்வே!"

"பின்ன மெசினு பொய்யின்னு சொல்லுதீரா? நீரா?"

குற்றாலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரருகே போனார். ஊர் அறிய அந்த முதுகு அன்றுதான் முதன்முதலாகக் குனிந்தது.

"ஆவுடையப்பன் மகன் குற்றாலிங்கம் சொல்லுதேன். எங்கப்பா பதிவு தப்பு. ஆயுதபூசை அன்னைக்கு இங்க யாரும் வெடி வைக்கல."

 பெண்கள் சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மாசிலாமணி சிரிப்பை விழுங்கிவிட்டு மாலை போட்ட எந்திரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கள் ஒப்புதல் பெறப்பட்டது," என்றது நிலச்செவி. "இன்று ஆயுதபூசை. அரசு விடுமுறை. அடுத்த வேலை நாளில் பதிவு திருத்தப்படும்."

மீண்டும் தரை உறுமியது. இம்முறை நிற்கவில்லை. பூசைக்கு வைத்த பூசணிக்காய் தானாக உருண்டு வாசலுக்குப் போனது. மேலே பாறையிலிருந்து பொடி உதிர்ந்து தகரத்தில் சடசடத்தது.

"குவாரி வெடி," என்றது அதே குரல். "அச்சம் வேண்டாம்."

எழுந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள்.